கப்பை வடித்த தண்ணீர்

கொச்சி மட்டாஞ்சேரியில் கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும் விற்கும் சின்ன ஹோட்டல் ஒன்றில் கற்பகத்துக்கு இருபது வருஷமாகச் சமையல் வேலை. கெமிக்கல் என்றாலே அவளுக்கு ஆகாது. கை அரிப்புக்கு மருந்துக்கடையில் கொடுத்த களிம்பை ஒரு வாரமாகத் திறக்காமல் ஹோட்டல் அலமாரியில் போட்டிருந்தாள். மஞ்சள்தான் அரைத்துப் பூசினாள். அரிப்பு கூடிக்கொண்டே போனாலும், "மண்ணுல விளைஞ்சது மனுஷனை ஒண்ணும் பண்ணாது" என்பாள்.

இன்று காலை கப்பை வேகவைத்து வடித்த தண்ணீரை, கூட வேலை செய்யும் சுனிதா வாசலில் நின்ற ஆட்டுக்கு வைக்கப் போனாள். கற்பகம் ஓடிவந்து பாத்திரத்தைப் பிடுங்கினாள்.

"கூறு இருக்கா உனக்கு? விஷம்டீ அது. ஆடு செத்துப்போகும்."

"கப்பையும் மண்ணுல விளைஞ்சதுதானே, சேச்சி?"

சுனிதா தெரியாமல்தான் கேட்டாள். கற்பகத்துக்குக் கோபம் வந்தது. தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினாள். இருபது வருஷமாகத் தினமும் தன் கையாலேயே கொட்டுகிற விஷம்தான். அப்படியென்றால் அந்தக் களிம்பு நல்லதா? அதுவும் பிடிபடவில்லை. அலமாரியிலிருந்து எடுத்துத் திறந்து மோந்து பார்த்தாள். ஒரு வாசனையும் இல்லை. கையிலிருந்த காலிப் பாத்திரத்தையும் மோந்து பார்த்தாள். பசியைக் கிளப்புகிற வாசனை.