டாக்டர் மூளையிலும் இரண்டு புள்ளி

போன வாரம் என் தம்பி செல்லப்பாண்டி கல்லூரி வாசலில் லாரியை நிறுத்திவிட்டு நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த வகுப்புக்கே வந்துவிட்டான். "அண்ணே, காளீஸ்வரி மேடம் போயிட்டாக" என்றான். பந்தல்குடி வீட்டில் தூக்கத்திலேயே உயிர் பிரிந்ததாம். எங்கள் கல்லூரியில் புள்ளியியல் நடத்திய அம்மாவுக்காக ஒரு லாரி டிரைவர் இப்படி அழுகிறானே என்று பிள்ளைகள் பார்த்தார்கள். அவன் அழாமல் வேறு யார் அழுவது?

சில வருடங்களுக்கு முன் மதுரையில் ஒரு மூளைப் பட ஆய்வு நடந்தது. நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஆட்களும் வேண்டும் என்றார்கள். லோடு இறக்கப் போன தம்பி, சும்மா படுத்திருந்தால் போதும் என்றதும் படுத்துவிட்டு வந்தான். பிறகு ஆய்வு நடத்திய டாக்டர் கூப்பிட்டனுப்பினார். மற்றவர்களின் சராசரியோடு ஒப்பிட்டால் இவன் மூளையில் ஓரிடம் வித்தியாசமாக இருக்கிறதாம். படத்தில் சிவப்பாக ஒரு புள்ளி. லாரி ஓட்டாமல் இருப்பது நல்லது என்று வேறு சொல்லிவிட்டார்.

"மூளையில புள்ளிய வச்சுக்கிட்டு ரோட்டுல ஏறப் போறீகளா?" என்று அவன் மனைவி சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். அவன் சுவரைப் பார்த்துப் படுத்தவன்தான். சாப்பாடுகூட இறங்கவில்லை.

படத்தைக் காளீஸ்வரி மேடத்திடம் காட்டினேன். கல்லூரிக் கூட்டங்களில் நான் வாயைத் திறந்தாலே குறுக்குக் கேள்வி கேட்பவர். எனக்கு எரிச்சலாக வரும். அன்றும் கேள்விதான்.

"எத்தன எடத்துல தேடுனாக?"

"மூளை முழுக்க. ஆயிரக்கணக்கான இடம்."

"மத்தவுகளுக்கும் இதே மாதிரி பாத்தாகளா?"

அதை நான் டாக்டரிடம் கேட்கவே இல்லை.

"பரளச்சிப் பக்கம் அம்புட்டு வெள்ளாமைக் காடு கெடக்கு. சுத்தித் தேடுனா எங்கயாவது ஒரு காட்டுல மட்டும் மழை பெஞ்சிருக்கும். அதுக்காக அந்தக் காட்டுக்காரன் என்னமோ செஞ்சுட்டான்னு சொல்லுவீகளா சார்?"

அடுத்த லீவு நாளில் எங்களோடு மதுரைக்கு பஸ் ஏறினார். டாக்டர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. நோயில்லாத ஒவ்வொருவரையும் தனியே எடுத்து, மீதிப் பேரோடு இதே கணக்கில் ஒப்பிட்டுப் பாருங்கள் என்றார் மேடம். கம்ப்யூட்டர் மெதுவாக ஒவ்வொன்றாகக் காட்டியது. ஒருவருக்கு நெற்றிப் பக்கம், இன்னொருவருக்குப் பின்மண்டையில். அநேகமாக எல்லோருக்கும் எங்கோ ஒரு புள்ளி. ஆள் பற்றாமல் டாக்டரும் அந்த மெஷினில் படுத்திருக்கிறார்; அவருக்கு இரண்டு!

"அப்ப டாக்டரு கார்ச் சாவிய யாருட்ட குடுக்குறது?" என்றார் மேடம். முதலில் சிரித்தது டாக்டர்தான். கணக்குப் போட்ட முறைதான் தப்பு, உனக்கு ஒன்றுமில்லை, தாராளமாக வண்டி ஓட்டு என்று தம்பியின் தோளைத் தட்டினார். அப்பாடா! அன்று தம்பி தின்ற பரோட்டாவுக்கு அளவே இல்லை.

திரும்பும்போது பாலவனத்தம் பக்கம் மேடம் சொன்னார்: "மெஷின் பொய் சொல்லல சார். நம்ம கேட்ட விதம் சரியில்ல."

அடக்கத்துக்குத் தம்பியின் லாரியில்தான் போனோம். மற்றவர்களுக்கும் பார்த்தார்களா என்ற அந்தக் கேள்வியை நான் வைத்துக்கொண்டேன். யார் என்ன ரிப்போர்ட்டை நீட்டினாலும் முதலில் அதுதான் வாயில் வருகிறது. இன்னொன்றும் அவர் தந்ததுதான். அடக்கம் முடிந்து திரும்பி வரும்போது, தம்பி ஓட்ட, அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அருப்புக்கோட்டை வரும்வரை நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.