சத்தம் நின்ற வண்டி

போன வாரம் ஓசூரில் சிக்னலுக்காக நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் பிரேக் பிடித்து நின்றது. அதன் முன்பக்கத்திலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். பச்சை விழுந்தும் நான் நகரவில்லை. பின்னாலிருந்த ஆட்டோக்காரர் என் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார்.

அந்தச் சத்தத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். வண்டியின் கழுத்துக்குள் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு கிண்ணங்கள், அவற்றில் சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள். ஹேண்டில்பார் அவற்றின் மேல்தான் திரும்புகிறது. மெக்கானிக்குகள் கோன் செட் என்பார்கள். தேய்ந்தால் கழுத்து ஆடும். கழற்றி, புதிது போட்டு, கிரீஸ் வைத்து, மேல் நட்டை அளவாக இறுக்க வேண்டும். அந்த அளவில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் தில்லி முனிர்காவில் ஒரு சந்து. மாடி அறைகளில் தமிழ்ப் பையன்கள் கலெக்டராவதற்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். கீழே நான் வண்டி கழுவிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு கிளம்பி, சேலத்தில் லாரி கிளீனர், புனேயில் ஓட்டலில் தட்டுக் கழுவல் என்று சுற்றி, ஒரு பஞ்சாபிக்காரர் ஒர்க்‌ஷாப்பில் வந்து ஒதுங்கியிருந்தேன். படுக்கையும் அங்கேயே. தலையணையில்கூடக் கிரீஸ் வாசனை. அதற்குப் பழகிவிட்டால் மல்லிகைப்பூ வாசனைதான் விநோதமாக இருக்கும்.

ஒரு ஜூன் மாதம் முதலாளி உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போனார். ஆயில் மாற்று, பிரேக் பார், கோன் செட்டை மட்டும் தொடாதே என்று இந்தியில் இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் போனார். அன்றைக்கென்று பார்த்து நடராஜன் சார் வந்தார். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ்காரர், மத்திய அரசு குமாஸ்தா, திருநெல்வேலிப் பக்கம். தில்லியில் இருபத்தைந்து வருடம் ஆகியும் அவர் பேச்சில் ஊர் அப்படியே இருந்தது.

“ஏ தம்பி, பிரேக்க பிடிச்சா முன்னால டக்கு டக்குங்கு. என்னன்னு பாருடே.”

“கோன் செட்டு சார். முதலாளி வியாழக்கிழமை வந்துருவாரு.”

“ஐ.டி.ஐ. படிச்ச நம்மூர் பிள்ளை நீ இருக்கையில முதலாளி எதுக்குடே? ஞாயித்துக்கிழமை அக்காவ கோயிலுக்குக் கூட்டிட்டுப் போணும்லா.”

அக்கா என்று அவர் சொன்னது தன் மனைவியை. ஐ.டி.ஐ. என்பது நான் அவரிடம் எப்போதோ அளந்தது. அவர் அதை ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். கழுத்தைத் திறந்தால் குண்டுகள் கொட்டும். கொட்டினால் திரும்ப அடுக்கத் தெரியாது. அதனால் திறக்கவேயில்லை. உளியை நட்டின் பள்ளத்தில் வைத்துச் சுத்தியலால் நாலு அடி. ஆட்டம் நின்றது. பயத்தில் இன்னும் இரண்டு அடி.

அவர் குந்தி உட்கார்ந்து முன்சக்கரத்தைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். “சபாஷ்டே! சத்தம் செத்துப் போச்சே!” தெருவில் ஒரு சுற்றுப் போய் வந்து, “ஹேண்டில் கொஞ்சம் கனமா இருக்கே?” என்றார்.

“புதுசா இறுக்கினது சார். ஓட ஓட சரியாயிடும்.”

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை லேசாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். தானாக ஒரு பக்கம் சாய்ந்தால்தான் வேலை சரி. முதலாளி செய்து பார்த்திருக்கிறேன். நான் செய்யவில்லை. சாயாது என்று எனக்குத் தெரியும்.

பத்து நாள் கழித்து நெற்றியில் பிளாஸ்திரியோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கோயில் முனையில் மெதுவாகத் திரும்பியிருக்கிறார்கள். திரும்பிய ஹேண்டில் நேராகவில்லை. இரண்டு பேரும் விழுந்துவிட்டார்கள். அக்காவுக்கு வலது மணிக்கட்டு முறிந்திருந்தது.

கீழே கிடந்த உளியைக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன். அவரோ, “வண்டில ஒரு கொறையும் இல்லடே. நீ நல்லாத்தான் பண்ணித் தந்த. எனக்குத்தான் பேலன்ஸ் போயிட்டு. வயசாயிட்டுல்லா” என்றார். வண்டியை விற்றுத் தரச் சொன்னார்.

முதலாளி கழுத்தைத் திறந்தார். கிண்ணத்தில் குண்டுகள் பதிந்து குழி விழுந்திருந்தது. என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுப் புது செட்டை எடுத்தார். புதிது போட்டபின் வண்டி நூல் பிடித்த மாதிரி ஓடியது. அப்போதாவது சாரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். அவருக்கு ஐம்பத்து நாலு வயதுதான். இன்னும் பத்து வருடம் ஓட்டியிருப்பார். வாங்கவும் ஆள் வந்துவிட்டது. நான் சும்மா இருந்தேன்.

விற்ற பணத்தைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். அக்காதான் காபி கொண்டுவந்தாள். வலது கையில் மாவுக்கட்டு.

“இடது கையால தாரேன்னு தப்பா நெனைக்காதீங்க தம்பி.”

“இனிமே பஸ்ஸுதான் நமக்கு” என்று சிரித்தார் சார். டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். சூடு ஆறுவதற்குள் குடித்துவிட்டு ஓடி வந்தேன். அடுத்த மாதம் தில்லியையே விட்டுவிட்டேன். நான் ஊர் ஊராகச் சுற்றியதற்கு எத்தனையோ காரணம் சொல்வதுண்டு. இந்த ஒன்றை யாரிடமும் சொன்னதில்லை.

சில வருடங்களுக்கு முன் தில்லிக்குப் போனபோது அந்தக் குவார்ட்டர்ஸைத் தேடினேன். வரிசை வரிசையாக இருந்த மஞ்சள் வீடுகள் இல்லை. தகரத் தடுப்பும் கிரேன்களும்தான். காவலாளியிடம் கேட்டேன். “சப் சலே கயே, பையா” என்றான். எல்லாரும் போய்விட்டார்கள்.

இப்போதும் எங்காவது ஒரு பழைய வண்டி ஸ்டாண்டில் நின்றால், யாரும் பார்க்காதபோது முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலைத் தொட்டுப் பார்க்கிறேன். தானாகச் சாய்கிறது. நடராஜன் சாருக்குப் பேலன்ஸ் நன்றாகத்தான் இருந்தது. அதை அவரிடம் சொல்ல ஒரு கதவுகூட மிச்சமில்லை.