நின்றது மட்டும் மிஞ்சும்

இதைப் படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். ஒரே ஒரு வேண்டுகோள். ஒரே இடத்தில் நின்றுகொண்டு சிரிக்காதீர்கள்.

கட்டுக்கதை இல்லை. யாருக்கு இது நடந்ததோ அந்தப் பெண் இன்றும் புகைப்படம் எடுத்துத்தான் பிழைக்கிறாள். ஏதாவது விசேஷத்தில் அவளைப் பார்த்தால் உடனே அடையாளம் தெரிந்துவிடும். மற்ற புகைப்படக்காரர்கள் ஓரிடத்தில் ஸ்டாண்டை நட்டுவிட்டு நிற்பார்கள். இவள் நிற்க மாட்டாள். சாப்பிடும்போதும் நடை, போனில் பேசும்போதும் நடை. காலில் சக்கரம் கட்டியிருக்கிறது என்று எல்லோரும் கேலி செய்வார்கள். அவளும் சிரிப்பாள், நடந்துகொண்டே.

வேடிக்கை என்னவென்றால், படிக்கிற காலத்தில் அவளுக்குப் பெயர் 'ஆமை'. ஒரு படம் எடுக்க ஒரு யுகம் எடுத்துக்கொள்வாள். அந்தப் பெயரை வைத்தவன் அவளுடைய சித்தி மகன். அவனும் அதே புகைப்பட வகுப்பில்தான் படித்தான். அவன் பெயர் 'வத்தி'. இவரைப் பற்றி அவரிடமும், அவரைப் பற்றி இவரிடமும் வத்தி வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி டீ குடிப்பான். ஆமையைவிடச் சில வாரங்கள்தான் இளையவன். அதனால் 'அக்கா' என்று கூப்பிடச் சொன்னால், "தலைகீழா நின்னாலும் முடியாது" என்பான்.

அவன் கையும் சும்மா இருக்காது. வகுப்பு எடுக்கும் சாருடைய படத்திலிருந்து மீசையை வெட்டி, கல்லூரி முதல்வர் அம்மாவின் படத்தில் ஒட்டி, அறிவிப்புப் பலகையில் மாட்டியவன் அவன். ஒட்டியது தெரியவே இல்லை. அவ்வளவு சுத்தமான வேலை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆமை ஏற்கெனவே ஒரு பயிற்சியில் தோற்றிருந்தாள். இந்தக் கடைசிப் பயிற்சியிலும் தோற்றால் படிப்பு அவ்வளவுதான். அத்தையின் துணிக்கடையில் பில் போட உட்கார வேண்டும் என்று அம்மா கறாராகச் சொல்லியிருந்தாள். கேமராவை விட்டுவிட்டு பில் மெஷினா?

கடைசிப் பயிற்சி இதுதான்.

"ஊர்லயே கூட்டமான இடம் எதுவோ அங்க போங்க. பட்டப்பகல்ல எடுங்க. அந்த இடத்தைக் காலியா எனக்குக் காட்டுங்க. ஆனா கம்ப்யூட்டர்ல அழிக்கிற பிரஷ்ஷைத் தொடக் கூடாது" என்றார் சார்.

வித்தை எளியது. கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் மாட்டி, ஒரே காட்சியை வரிசையாகப் பல படங்கள் எடுக்க வேண்டும். கம்ப்யூட்டரில் அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். பெரும்பாலான படங்களில் ஒரே இடத்தில் இருப்பதை மட்டும் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளும். தூண் நிற்கும், தரை நிற்கும். நடந்துகொண்டிருக்கும் மனிதர்கள் மறைந்துவிடுவார்கள்.

"இது புதுசா எதையும் சேர்க்காது. நின்னதை மட்டும்தான் மிச்சம் வைக்கும். அதனால ஒட்டு வேலை செஞ்சா பாத்த உடனே தெரிஞ்சுடும். செஞ்சவங்க அன்னிக்கே வெளியில" என்றார் சார்.

ஆமை ரயில் நிலையத்தின் பயணச்சீட்டுக் கூடத்தைத் தேர்ந்தெடுத்தாள். நீளமான கூடம். நடுவில் வரிசையாகத் தூண்கள். வாசல் காவலாளியிடம் அனுமதிக் கடிதத்தைக் காட்டிவிட்டு, ஒரு கோடியில் ஸ்டாண்டைப் போட்டாள். வத்தி மாடிக் கைப்பிடி ஓரத்தில் நின்று, மேலிருந்து அதே கூடத்தை எடுத்தான்.

காலை பத்தரை மணி. ஜேஜே என்று கூட்டம்.

க்ளிக். கொஞ்ச நேரம் பொறுத்து, க்ளிக்.

ஆமைக்கு ஒரு பழக்கம். படம் எடுத்து முடிக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலையாக நிற்பாள்.

"ஏய் ஆமை! ஆடாம அசையாம நிக்கிறியே, என் படத்துல நீ மட்டும் மிச்சமாகப் போற!" என்று மேலிருந்து கத்தினான் வத்தி.

"மிஞ்சினா மிஞ்சிட்டுப் போறேன். உனக்குத்தானே மார்க் போகும்!"

"போடி! நான் இன்னொரு நாள் வந்து எடுத்துக்கறேன்."

நாற்பது படங்கள். கடைசிப் பத்து எடுக்கும்போது அவள் பிடரியில் சில்லென்று காற்று பட்டது. மேலே எங்கோ ஏசி இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டாள்.

சாமான்களைக் கட்டிக்கொண்டு வெளியே வரும்போது காவலாளி கேட்டார்.

"முடிஞ்சுதாம்மா? கூட வந்தவங்களுக்கு ஒரு நாற்காலி கேட்டிருக்கலாமே. எவ்வளவு நேரம் நின்னாங்க, பாவம்."

வத்திக்கு நாற்காலியா! அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அவனுக்கு அதெல்லாம் வேண்டாம் அண்ணா" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கல்லூரி லேப்பில் இருந்த கம்ப்யூட்டர்கள் பழசு. நாற்பது படங்களை ஒன்றாகப் போட்டால் மூச்சு முட்டி நின்றுவிடும். அதனால் பத்துப் பத்தாக அடுக்கினாள்.

முதல் பத்து. திரையில் பச்சைக்கோடு மெல்ல நகர்ந்து முடிந்தது. கூட்டம் மறைந்தது. காலிக் கூடம் வந்தது. அவள் கைதட்டப் போனாள்.

காலி இல்லை. கூடத்தின் மறுகோடியில், கடைசித் தூண் ஓரத்தில், ஒரு பெண் நின்றாள். கைகள் தொங்கின. முகம் தெளிவாக இல்லை.

யாரோ ரயிலுக்குக் காத்திருந்திருக்கலாம். ஆமை பத்துப் படங்களையும் தனித்தனியாகத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தாள். ஒன்றில்கூட அந்தப் பெண் இல்லை. கடைசித் தூண் ஓரத்தில் வெறும் தரைதான். ஆனால் அந்த இடத்தை ஒருவரும் மிதிக்கவில்லை. அத்தனை கூட்டமும் அங்கே வந்ததும் ஒதுங்கி வளைந்து போனது. ஒரு படத்தில் ஒரு குழந்தை மட்டும் அந்த வெறும் இடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

அவளுக்குப் பயம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது. வத்தி! கார்டு ரீடர் வேண்டுமென்று, படங்கள் இருந்த கார்டோடு சேர்த்து அதை முந்தாநாள் வாங்கிப் போனவன் அவன். டீ குடிக்க அவள் வெளியே போனபோது இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனும் அவன். பக்கத்து மேஜையில் இருந்தவனைக் கூப்பிட்டாள்.

"என் படத்துல கை வச்சியா?"

"எந்தப் படம்?"

"நடிக்காதடா. தூண் பக்கத்துல யாரை ஒட்டின?"

அவன் திரையைப் பார்த்தான். முதலில் சிரித்தான். அப்புறம் குனிந்து கிட்டத்தில் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

"அம்மா சத்தியமா நான் இல்ல."

மீசையை ஒட்டிய அன்றும் இதே சத்தியத்தைத்தான் செய்தான்.

அடுத்த பத்தை அடுக்கினாள். அந்தப் பெண் இருந்தாள். கடைசித் தூணில் இல்லை, நடுத் தூணில்.

மூன்றாவது பத்து. முதல் தூணில் இருந்தாள். மிகவும் கிட்டத்தில். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பார்வை கேமராவின் மேல் இல்லை. கேமராவுக்குக் கொஞ்சம் மேலே... கேமராவுக்குப் பின்னால் நிற்பவளின் முகம் எங்கே இருக்குமோ, அங்கே.

ஆமை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். பயமா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. கோபம்தான் என்று முடிவு செய்துகொண்டாள். வத்தியையும் இழுத்துக்கொண்டு நேராக சாரிடம் போனாள்.

சார் மூன்று படங்களையும் பார்த்தார். வத்தியைப் பார்த்தார்.

"இவ்வளவு சுத்தமா ஒட்டறவன் இந்த வகுப்புல ஒருத்தன்தான்."

"சார், நான் இல்ல சார். நீயாவது சொல்லேன்டி."

ஆமை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வத்தி பையை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கதவருகில் நின்று ஒரு முறை திரும்பிப் பார்த்தான்.

அவன் போன பிறகு கடைசிப் பத்தை அடுக்கினாள். சுத்தம்! தூண், தரை, கடிகாரம். ஒரு ஈ காக்கைகூட இல்லை. அவன் போனதும் படம் சரியாகிவிட்டது. இதைவிட வேறு சாட்சி எதற்கு? அந்தப் படத்தையே கொடுத்தாள். வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கினாள். துணிக்கடை தப்பியது.

வத்தி வகுப்புக்குத் திரும்பவில்லை. மாமாவின் அச்சுக் கடையில் வேலைக்குப் போய்விட்டான். சித்தி, ஆமையின் அம்மாவோடு பேசுவதை நிறுத்தினாள். வீட்டில் யாராவது அவன் பெயரை எடுத்தால் ஆமை எழுந்து போய்விடுவாள். தப்பு அவன் மேல்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்படிச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

எட்டு மாதம் கழித்து, ஒரு மத்தியானம் போன் வந்தது. ஆமை ஒரு ஸ்டுடியோவில் வேலை செய்துகொண்டிருந்தாள். வெள்ளைத் துணிமேல் காலணிகளை வைத்து, ஸ்டாண்டுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்து நின்றிருந்தாள்.

"அக்கா."

பிறந்ததிலிருந்து அவன் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

"என்னடா?"

"இப்போ நிக்கிறியா, உக்காந்திருக்கியா?"

"நிக்கிறேன். ஸ்டாண்டு போட்டு..."

"நிக்காத."

"என்ன?"

"நட. போனை வைக்காத. நட அக்கா!"

அவன் குரலைக் கேட்டு அவள் கால்கள் தாமாகவே நகர்ந்தன.

பிடரியில் இருந்த குளிர் விட்டது.

அதுவரை அங்கே குளிர் இருந்தது என்பதே... அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"கார்டைக் காலி பண்ணலாம்னு எடுத்தேன். அன்னிக்கு மாடியிலேருந்து எடுத்த படங்கள் இருந்துது. சும்மா பத்துப் பத்தா அடுக்கிப் பாத்தேன். அனுப்பறேன். நடந்துக்கிட்டே பாரு."

படம் வந்தது.

மேலிருந்து எடுத்த கூடம்.

காலி.

ஒரு மூலையில் ஸ்டாண்டு. பின்னால் ஆமை. அவன் அன்று சொன்ன மாதிரியே மிச்சமாகியிருந்தாள்.

அவள் மட்டும் இல்லை.

அவள் முதுகோடு ஒட்டி அந்தப் பெண். மோவாய் அவள் தோள்மேல்.

இரண்டு கைகளும் அவள் இடுப்பைச் சுற்றி...

"எந்தப் பத்து?" என்று கேட்டாள் ஆமை.

"கடைசிப் பத்து."

அவளுக்கு மதிப்பெண் வாங்கித் தந்த பத்து. கூடம் ஏன் அவ்வளவு சுத்தமாக இருந்தது என்று இப்போது புரிந்தது.

"நான் ஒட்டலை அக்கா" என்றான் வத்தி. அவன் அழுதுகொண்டிருந்தான்.

அவளுக்கு வேறொன்று நினைவு வந்தது. "அன்னிக்கு வாசல் காவலாளிகிட்ட பேசினியா?"

"எந்தக் காவலாளி? நான் பிளாட்பாரப் பக்கப் படியில ஏறினேன். வாசல் பக்கமே வரலையே."

எவ்வளவு நேரம் நின்னாங்க, பாவம்...

மறுநாளே அவள் சாரிடம் போய் அந்தப் படத்தைக் காட்டினாள். தப்பு என்னுடையது, அவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினாள். சார் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்தப் படத்தையும் அவன்தானே கொண்டு வந்தான்?"

வத்தி இன்றும் அச்சுக் கடையில்தான் இருக்கிறான்.

அன்றிலிருந்து அவள் நிற்பதில்லை. நடந்துகொண்டே இருந்தால் பிடரியில் குளிர் இல்லை. தூக்கத்துக்குத்தான் என்ன செய்வது? அதற்கும் வத்திதான் வழி கண்டுபிடித்தான். மணிக்கு ஒரு தடவை போன் செய்து, "புரண்டு படு அக்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவான். மூன்று வருடமாகச் சொல்கிறான். சலித்துக்கொண்டதே இல்லை.

போன மாதம் ஒரு நாள் அவனுக்குக் காய்ச்சல். அசந்து தூங்கிவிட்டான். போன் வரவில்லை. அவள் விடியும்வரை அசையாமல் தூங்கியிருக்கிறாள்.

காலையில் எழுந்து பார்த்தாள். அவள் தலை வைத்த பள்ளம் தலையணையில் இருந்தது.

அதை ஒட்டினாற்போல் இன்னொரு பள்ளமும் இருந்தது.