இருபத்திரண்டாவது சொல்

ஓய்வு பெற்ற பிறகு திருமழிசை தொழிற்பேட்டையில் ஒரு ஹாங்காங் கம்பெனியின் டைம் ஆபீஸில் வருகைப் பதிவேடு எழுதுகிற வேலை கிடைத்தது. புதிய மேலாளருக்குக் கோபம் வந்தால் அவர் ஊர் மொழியான கான்டனீஸ்தான் வரும். அதனால் ஒழுங்கு நடவடிக்கைச் சொற்களைத் தமிழ் எழுத்தில் அச்சடித்து, மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு. தவறுகளுக்கு ஒன்பது, தண்டனைகளுக்குப் பன்னிரண்டு, கடைசியாக விடுப்பு கேட்க ஒன்றே ஒன்று.

சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். வாட்ச்மேன் விடமாட்டார். "இன்னா நைனா, ஹாங்காங்ல பொண்ணு பாத்துட்டாங்களா?"

பதினோராம் நாள் மேலாளர் என் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு போனில் பேசினார். 'க்வோங் கொங்' என்று காதில் விழுந்தது. சொல்லாமல் வேலைக்கு வராதது, ஏழாவது சொல். பிறகு 'காய் கூ'. வேலைநீக்கம், இருபத்தோராவது. அவர் விரல் வைத்திருந்த வரியை எட்டிப் பார்த்தேன். அண்ணனூரிலிருந்து பேக்கிங்குக்கு வரும் பெண். அந்த வரியில் மூன்று சிவப்புக் குறிகள். மூன்றும் நான் போட்டவை.

அவள் மூன்று தடவையும் சொல்லிவிட்டுத்தான் நின்றாள். முந்தின நாள் மாலை பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் என் ஜன்னலில் தலையை நீட்டி, "நைனா, நாளிக்கு வரமாட்டேன். அம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன், ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவணும்" என்பாள். இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் விடுப்பு என்றால் அவ்வளவுதான். நானும் தலையாட்டுவேன். மறுநாள் ஆள் இல்லை என்று குறி போடுவேன். கம்பெனி பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்றுகூடக் குறித்து வைப்பவன், அவள் சொன்னதை ஒரு முறைகூட எழுதவில்லை. ஒரு வீட்டின் சோற்றில் கை வைத்திருக்கிறேன்.

எழுந்து நின்றேன். "சிங் கா" என்றேன். விடுப்பு, இருபத்திரண்டாவது சொல். மூன்று விரல்களைக் காட்டினேன். அவள் என்னிடம் விடுப்பு கேட்டாள், நான்தான் எழுதவில்லை என்று ஆங்கிலத்தில் முடித்தேன்.

அவர் போனை வைத்தார். மூன்று குறிகளையும் அடித்து, பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். பிறகு, "கிங் கோவ்" என்றார். எச்சரிக்கை, பத்தாவது சொல். எனக்கு.

அன்று மாலையும் ஜன்னலில் தலை நீண்டது. "நைனா, நாளிக்கு கண்ணு கட்டு பிரிக்கிறாங்கோ..."

"நில்லும்மா. எழுதிக் கொடு."

"இன்னா நைனா, புச்சா கீதே! பஸ் பூடும்."

பேனாவை நீட்டிப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.