லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக் கதவு

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நாங்கள் குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. கேட்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் புதிதில் சிரித்தேன். ஐம்பத்திரண்டு படி, இருபத்திரண்டு வருஷம். முட்டி தேய்ந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

மனுஷன் தங்கமானவர்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும், சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓடுவார். சொந்த வீட்டில் ஒரு ஸ்க்ரூ கழன்றால் மட்டும், "நாளைக்குப் பாத்துக்கலாம்மா, இப்போதைக்கு இப்படிப் பண்ணு" என்று ஒரு குறுக்குவழி சொல்லித் தருவார். அந்த நாளை வரவே இல்லை. குறுக்குவழிகள்தான் சேர்ந்துகொண்டே போயின.

வாசல் கதவைத் திறக்கப் பிடியை மேலே தூக்கித் தோளால் ஓர் இடி இடிக்க வேண்டும். சமையலறைக் குழாயை மூச்சைப் பிடித்து நான்கு சுற்றுச் சுற்றினால் தண்ணீர் நூல் மாதிரி வரும். ஃபேன் சுவிட்சைப் போட்டுவிட்டுப் பக்கத்துச் சுவரில் ஒரு குத்து விட வேண்டும். குளியலறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிய, போனவர் வெளியே வரும்வரை சத்தமாகப் பாட வேண்டும். எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் குரல் கிடையாது. பக்கத்து வீட்டில் இதுவரை மூன்று குடும்பங்கள் காலி செய்துகொண்டு போய்விட்டன.

போன வருஷம் டாக்டர் என் முட்டியைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள் இந்தப் படியில ஏறினீங்கன்னா, அப்புறம் கீழ எறங்கி வரவே முடியாதும்மா" என்றார். தேடித் தேடி, தரைத்தளத்தில் இரண்டு அறை வீடு ஒன்றைப் பிடித்தோம். மாசக் கடைசி வரைக்கும் காத்திருக்கிறேன், அதற்குள் உங்கள் வீட்டை விற்றுவிட்டு வாருங்கள், இல்லையென்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று அந்த வீட்டின் சொந்தக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

முதலில் பார்க்க வந்தவர் பரம சாது. படுக்கையறைக் கதவின் குமிழைப் பிடித்தார், அது கையோடு வந்துவிட்டது. சொல்லக் கூச்சப்பட்டு, அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, சிரித்தபடியே கிளம்பிவிட்டார். அவரும் திரும்பி வரவில்லை, குமிழும் வரவில்லை.

வீட்டை விற்றுத் தர நாங்கள் பிடித்திருந்த புரோக்கர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அக்கா, பெருசா எதுவும் செலவு பண்ண வேண்டாம். ஸ்க்ரூவை முடுக்குங்க, குழாய்க்கு வாஷர் மாத்துங்க, கதவுக்கு எண்ணெய் விடுங்க, சுவருக்கு ஒரு கை வெள்ளை அடிங்க. வர்றவங்க கண்ணுக்குப் பளிச்சுனு இருந்தா போதும்."

நான் இவரைப் பார்த்தேன். அந்தப் பார்வைக்கே இவர் பத்து நாள் லீவு போட்டுவிட்டார்.

அந்தப் பத்து நாளில் மனுஷன் பேயாக வேலை செய்தார். இருபத்திரண்டு வருஷத்து நாளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றன. ஜன்னலை மறைத்த பீரோவை நகர்த்தினோம், வீட்டுக்குள் வெயில் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. நானும் மகளும் திரைச்சீலை துவைத்து, தரை தேய்த்து, மிச்சமிருந்த பெயின்ட்டில் சுவரை வெளுத்தோம். கூடத்துச் சுவரில் ஒரு பழைய ஈரக்கறை மட்டும் எத்தனை பூச்சுக்கும் மசியவில்லை. அதன்மேல் கப்பல் படம் ஒன்றை மாட்டினோம். குத்துக்கு அவசியமில்லாத ஃபேன், தாழ்ப்பாள் வைத்த குளியலறை. எனக்கே ஆசையாக இருந்தது. இத்தனை வருஷம் இதைச் செய்யாதவரை நினைத்து ஆத்திரமும் வந்தது.

மாசக் கடைசிக்கு முந்தின ஞாயிறு, காலையில் ஓர் அம்மா பார்க்க வந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். புரோக்கர் வேறு வேலையாகப் போய்விட்டதால் இவரே கீழே போய் அழைத்து வந்தார்.

வாசலில் இவர் குரல் கேட்டது: "வாங்க மேடம், இதுதான் வீடு." அடுத்த நொடி பழக்க தோஷத்தில் பிடியைத் தூக்கித் தோளால் இடித்திருக்கிறார். எண்ணெய் விட்ட கதவு சும்மா இருக்குமா? படார் என்று திறந்துகொள்ள, மனுஷன் பறந்து வந்து என் காலடியில் குப்புற விழுந்தார். விழுந்த இடத்திலிருந்தே, "உள்ள வாங்க" என்றார்.

சமாளிக்க வேண்டுமே என்று, "தண்ணி கொண்டு வரேங்க" என்று சமையலறைக்கு ஓடினேன். மூச்சைப் பிடித்துக் குழாயைத் திருகினேன். ஐயோ! மூஞ்சியிலே அடித்தது பாருங்கள் வெள்ளம். தலை சொட்டச் சொட்டத் தட்டோடு வந்து நின்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், எடுத்துக் குடித்தார்.

அதற்குள் குளியலறையிலிருந்து என் மகளின் பாட்டு. சுருதி இல்லை, தாளம் இல்லை, தொண்டை மட்டும் உண்டு. பாட்டு நின்றதும் கதவு தடதடவென்று ஆடியது. "அம்மா! கதவு மாட்டிக்கிச்சு! யாராவது காப்பாத்துங்க!"

"நீதான்டி தாழ்ப்பாள் போட்டே! அதை எடு!" என்று கத்தினேன்.

"காத்தாட உக்காருங்க மேடம்" என்று இவர் ஃபேன் சுவிட்சைப் போட்டார். நான் "வேண்டாங்க!" என்பதற்குள் சுவரில் குத்தியும் விட்டார். கப்பல் கீழே விழுந்து நொறுங்கியது. ஈரக்கறை எல்லோரையும் பார்த்துப் பல்லை இளித்தது.

அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். தரைத்தளம் போச்சு, என் முட்டியும் போச்சு. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நல்ல வேளை, முகம் ஏற்கெனவே நனைந்திருந்தது.

"எத்தனை வருஷமா இந்த வீட்டுல இருக்கீங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

"இருபத்திரண்டு வருஷங்க."

"கிளட்ச் போன வண்டியை ஓட்டிப் பழகினவங்க, நல்ல வண்டில ஏறினா இப்படித்தான் குதிப்பாங்க. எல்லாத்தையும் போன வாரம்தான் சரி பண்ணினீங்களா?"

இவருக்குப் பொய் வராது. நேராகப் போய் வாசல் கதவுக்குப் பின்னால் தொங்கிய அட்டையைக் கழற்றி வந்து நீட்டினார். லிஃப்ட் மெஷின் அறையில் மெக்கானிக்குகள் எழுதி வைக்கிற சர்வீஸ் அட்டை மாதிரியே. ஏதோ ஆபீஸ் அட்டை என்று நினைத்திருந்தேன், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் தெரியும். புகார், புகார் கொடுத்தவர், செய்த வேலை, தேதி, கையெழுத்து என்று நாற்பத்தோரு வரிகள். ஒவ்வொரு வரியிலும் புகார் கொடுத்தவர் என்ற இடத்தில் 'மனைவி'.

கடைசி வரியை அந்த அம்மா வாய்விட்டே படித்தார். "கூடத்துச் சுவரில் ஈரக்கறை. சரியாகவில்லை. கப்பல் படம் மாட்டப்பட்டது."

பிறகு அவர் சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, "ஏன் விக்கறீங்க?" என்றார்.

"இந்தப் படிதாங்க. என்னால முடியல" என்றேன்.

"நான் நாள் பூரா கார்லயே உக்காந்திருக்கேன். கொஞ்சம் ஏறி எறங்குங்கன்னு டாக்டர் எனக்குச் சொல்லியிருக்கார்" என்றார். "அந்த அட்டையையும் வீட்டோட கொடுத்துடுங்க."

மாசக் கடைசியில் குடிமாறினோம். புது வீட்டுக் கேட்டைத் திறந்து, கையில் பையோடு வாசலுக்கு வந்து அப்படியே நின்றுவிட்டேன்.

"ஏன் நின்னுட்டே?" என்றார்.

"இருங்க, மூச்சு வாங்கிக்கறேன்."

"எதுக்கு? நீ எதுவுமே ஏறலியே!"

குனிந்து பார்த்தேன். வாசலில் ஒரு படிகூட இல்லை. சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. இவர் பார்க்காத மாதிரி சாவியைப் போட்டுக் கதவைத் தள்ளினார். கதவு திறக்கவில்லை.

"இது ஒண்ணுமில்லம்மா, லேசாத் தூக்கி, தோளால..."

சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன்.

"இடிக்காதீங்க. ஸ்க்ரூ டிரைவரை எடுங்க" என்றேன். "பழைய வீட்டுக்கு எழுதினீங்களே, அதே மாதிரி அட்டை ஒண்ணும் எடுங்க. முதல் புகார் எழுதிக்குங்க."

ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கதவின் முன்னால் உட்கார்ந்தார். நான் பெட்டியின்மேல் உட்கார்ந்து, காலை நன்றாக நீட்டிக்கொண்டு, அவர் அன்றைக்கே முடிப்பதை முழுவதும் பார்த்தேன்.