தண்ணீர் பீய்ச்சும் மிஷினும் எங்கள் கிளினிக் ஈறுகளும்

ஆயுசில் பாதியை அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்த்தே கழிக்கிற வேலை, பல் டாக்டரின் உதவியாளர் வேலை. கொடைக்கானல் ஏழு ரோடு சந்திப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் பதினாறு வருஷமாக அதைத்தான் செய்கிறேன். பல் தேய்த்துத் துப்பும்போது வாஷ்பேசினில் சிவப்பைப் பார்த்துவிட்டு, வீட்டில் யாரும் வருவதற்குள் அவசரமாகக் குழாயைத் திறந்து விடுகிற ஆளா நீங்கள்? அப்படியென்றால் நாம் ஒரே கூட்டம். கூச்சப்படாமல் படியுங்கள்.

பேரிக்காயில் கறை

என் ஈறில் ரத்தம் வருவதை மூன்று வருஷம் மறைத்தேன். பல் கிளினிக்கில் வேலை பார்ப்பவள் வாயே இப்படி என்றால் யார் மதிப்பார்கள்? ஒருநாள் டீ நேரத்தில் பேரிக்காயைக் கடித்து மேஜையில் வைத்தேன். கடித்த இடம் சிவந்திருந்தது. எங்கள் டாக்டரம்மா பார்த்துவிட்டார். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர், மதுரைக்காரர். ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்றைக்கே என்னை நாற்காலியில் உட்கார வைத்து, பல்லில் கல்லாக இறுகிக் கிடந்த காரையைச் சுரண்டி எடுத்தார்.

மறுவாரம் ஒரு புது மிஷின் வந்தது. வாட்டர் ஃப்ளாஸர். கைக்கு அடக்கமாக இருக்கும், சார்ஜ் போட்டுக்கொள்ளலாம், தண்ணீரை ஊசி மாதிரி பீய்ச்சிப் பல்லிடுக்கைக் கழுவும். "முதல்ல நீங்க போட்டுப் பாருங்க, அப்புறம் பேஷன்டுக்குச் சொல்லிக் குடுக்கலாம்" என்றார். பேசின் மேல் குனிந்து, உதட்டை லேசாக மூடி, தண்ணீரைத் தானாக வழிய விட வேண்டும். எனக்கோ கண்ணாடியில் பார்க்க ஆசை. மிஷின் ஓடும்போதே நிமிர்ந்து வாயைத் திறந்துவிட்டேன். கண்ணாடி, காலண்டர், டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டு என்று ஒன்று பாக்கியில்லாமல் நனைந்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அக்கா, நான் இத பல்லுக்குத்தான் வாங்குனேன், செவத்துக்கு இல்ல."

மார்கழித் தண்ணீர்

மிஷின் போட ஆரம்பித்த முதல் நாலைந்து நாள் எனக்கு ரத்தம் வந்துகொண்டேதான் இருந்தது. விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். பத்தாம் நாளுக்கு மேல் குறைந்து, அப்புறம் நின்றே போனது. உடனே எனக்கு டீச்சர் தோரணை வந்துவிட்டது. வருகிறவர்களையெல்லாம் பிடித்து வைத்துப் பாடம் எடுத்தேன்.

அப்படி மாட்டியவர் பூம்பாறையில் பூண்டு போடுகிற குழந்தைவேலு அண்ணன். பல்லிடுக்கில் எது சிக்கினாலும் ஈர்க்குச்சியால் குத்திக் குத்தி ஈறை வீங்க வைத்துக்கொண்டு வந்திருந்தார். வெளியே புல்லெல்லாம் உறைபனி. நான் யோசிக்காமல் குழாய்த் தண்ணீரையே பிடித்து, அவர் வாயில் வைத்து சுவிட்சைப் போட்டுவிட்டேன். அண்ணன் நாற்காலியிலிருந்து ஒரு முழம் எழும்பினார். மங்கிக் குல்லா ஒரு பக்கம் பறந்தது. அன்றிலிருந்து ஃபிளாஸ்க்கில் வெதுவெதுப்பான தண்ணீர் இல்லாமல் யார் வாய்ப் பக்கமும் நான் மிஷினைக் கொண்டுபோவதில்லை. குல்லாவைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டே அண்ணன் கேட்டார்: "ஏம்மா, பல்லுக்கு உசுரு இருக்கா இல்லையான்னு பாக்குற மிசினுன்னு முன்னாடியே சொல்லப்புடாதா?"

பாத்திரக்கடை பாய்

பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பாய்க்கு, பல்லைச் சுரண்டும் சத்தம் என்றால் உடம்பெல்லாம் நடுங்கும். மிஷினைப் பற்றிக் கேள்விப்பட்டதும் தானே ஒன்றை வரவழைத்து, இனி டாக்டரே தேவையில்லை என்று முடிவு கட்டிவிட்டார். மூன்று மாதம் கழித்து அவர் மனைவி அவரைக் கையோடு கூட்டி வந்தார். கீழ்ப்பல்லுக்குப் பின்னால் காரை அப்படியே சுவர் எழுப்பி நின்றது. சிக்கின சோற்றையும் புது அழுக்கையும்தான் தண்ணீர் கழுவும், இறுகிப்போனதை நாங்கள்தான் எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். பாய்க்கு நெற்றியில் வேர்த்தது. பாவம், நிஜமான பயம். நான் அவர் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் மனைவிக்குத்தான் இரக்கமே இல்லை: "அடிப்பிடிச்ச சட்டிய தண்ணி பீய்ச்சியே வெளக்கிரலாம்னு கடைக்கு வர்ற ஆளுககிட்ட இவுக சொல்வாகளா, கேளுங்க டாக்டரம்மா."

கிளாவரை பஸ்

பஞ்சவர்ணம், மலையின் கடைக்கோடி ஊரான கிளாவரையிலிருந்து வந்தாள். முப்பத்து நாலு வயசு. புருஷனும் அவளுமாகக் கேரட் போடுகிறார்கள். வந்ததிலிருந்து சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுக்கவில்லை. "முன்பல்லு பூரா ஆடுதுக்கா. நாத்தம் வேற. எல்லாத்தையும் புடுங்கிருங்க, வெரசா பஸ்ஸப் பிடிக்கணும்" என்றாள். தலைப்பை விலக்கச் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டாள். ஈறு வீங்கி, தொட்டால் ரத்தம்.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். சர்க்கரை இருப்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பெரியாஸ்பத்திரியில் மாத்திரை ஆரம்பித்தார்கள். எங்களிடம் நாலு தடவை வந்து ஆழமாகச் சுத்தம் செய்துகொண்டாள். கீழே ஒரு பல்லை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. அதை எடுத்தபோது என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். புது மிஷின் ஒன்றை அவளிடம் கொடுத்து, மெதுவான வேகத்தில் தினமும் ராத்திரி, பிரஷ் போட்ட பிறகு, என்று செய்து காட்டி அனுப்பினோம்.

அடுத்த தடவை அழுதுகொண்டே வந்தாள். காற்றில் மரம் சாய்ந்து ஊரில் நாலு நாள் கரண்டு இல்லை. "மிஷின் செத்துப்போச்சுக்கா. வெறும் பிரஷத்தான் போட்டேன், ரெண்டு நேரமும். எல்லாம் வீணாப்போச்சா?" டாக்டரம்மா ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார். எங்கும் ரத்தம் இல்லை. "பாதி வேலைய உங்க கையே பாத்திருச்சு. மிஷின் ஒத்தாசைக்குத்தான்" என்றார். அவள் நம்பாமல் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டிய பிறகுதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்தாள்.

இரண்டு மாதம் கழித்து வெள்ளனே கிளம்பி, முதல் ஆளாக வந்து நின்றாள். கேரட் விலை, மாமியாரின் முட்டி வலி, ரோட்டில் நின்ற காட்டுமாடு என்று பேச்சு நிற்கவே இல்லை. சேலைத் தலைப்பு இடுப்பில் செருகிக் கிடந்தது. நானும் டாக்டரம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "கிளாவரையில இருந்து இங்க வர்றவரைக்கும் பஸ்ல பேசிக்கிட்டே வந்தேன்க்கா. பக்கத்துல இருந்தவ எந்திரிச்சுப் போகல."

ஈறு ஆற சில மாதம் போதும், அதைக் காட்ட வருவதற்குத்தான் நம்மவர்களுக்கு வருஷக்கணக்கில் ஆகிறது.