கூடவே வரும் இடது கை

பிரஸ் ஷாப் வேலையில் வாய்க்கு எந்த வேலையும் கிடையாது, எல்லாம் கைக்குத்தான். கும்மிடிப்பூண்டியில் தகடு வெட்டுகிற மெஷினோடு பல வருடமாக நிற்கிறேன். சும்மா கிடக்கிற வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது, பாட ஆரம்பித்தேன். சென்னையில் ஒரு குழு பாட்டும் ஆட்டமுமாக நாடகம் போடப்போகிறது, ஞாயிற்றுக்கிழமை ஆடிஷன், ஒரு பாட்டுப் பாடிக் கொஞ்சம் ஆடியும் காட்ட வேண்டும் என்று போனில் பார்த்தேன். சர்ச் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்று நின்றே எனக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. ஒரு தடவையாவது முன்னால் வந்து தனியாகப் பாட வேண்டும், ஆசை அவ்வளவுதான். ஷிப்டையும் பார்த்துக்கொண்டு மேடை ஆசையையும் வைத்துக்கொண்டு அவதிப்படுகிறவர்களே, உங்களுக்குத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

பத்து விரல்

வீட்டில் குரலை எடுத்தால் பக்கத்துப் போர்ஷன்காரர் சுவரைத் தட்டுவார். பிரஸ் ஷாப்பில் அந்தத் தொல்லை இல்லை. அத்தனை மெஷின் சத்தத்தில் நம் குரல் நமக்கே கேட்காது, போதாததற்கு எல்லார் காதிலும் பஞ்சுத் தக்கை. அதனால் மெஷின் ஓட ஓட முழுத் தொண்டையில் சாதகம் செய்தேன்.

ஒரு நாள் உச்ச ஸ்தாயியில் ஏறி நிற்கும்போது கரண்ட் போய்விட்டது. மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. நான் நிற்கவில்லை. பிரஸ் ஷாப்பில் அப்படி ஒரு குரல் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சூப்பர்வைசர் முதலுதவிப் பெட்டியோடு ஓடி வந்து, என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்த்து முடித்ததும் அவருக்கு நிம்மதி வரவில்லை, கோபம்தான் வந்தது.

"பத்து வெரலும் கீதே! அப்புறம் இன்னாத்துக்குடா அப்புடிக் கத்துன?"

தக்காளி

பாட்டு ஒருவழியாகத் தேறியது, ஆட்டம் தேறவில்லை. வலது கை மேலே போகும்போது இடது கை இடுப்பில் இருக்க வேண்டும். என் இடது கை இருக்காது, கூடவே கிளம்பிவிடும். குற்றம் என்னுடையது இல்லை. என் மெஷினில் வலப்பக்கம் ஒரு பச்சைப் பட்டன், இடப்பக்கம் ஒரு பச்சைப் பட்டன். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மெஷின் இறங்கி வெட்டும். கை உள்ளே மாட்டிக்கொள்ளாமல் இருக்க அந்த ஏற்பாடு. நாளெல்லாம் இரண்டு கையையும் ஜோடியாகவே அனுப்பிப் பழகியவனிடம், ஒன்றை மட்டும் தனியாக அனுப்பு என்றால் எப்படி?

என் மனைவி ஸ்டெல்லா போனில் வீடியோவை ஓட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். இடது கை அடங்கட்டும் என்று அதில் காய்கறிப் பையைக் கொடுத்துப் பார்த்தாள். பையும் மேலே போனது, தக்காளி மட்டும் கீழே வந்தது. அவள் சிரிக்கவில்லை. பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"டான்ஸ் ஆடுற மாதிரியே இல்லய்யா. எவனோ துப்பாக்கி காட்டுறான், நீ கையத் தூக்கினு நிக்கிற மாதிரி கீது."

கம்பெனி பஸ்

வீடு திரும்பும் கம்பெனி பஸ்ஸில் கூட்டத்தின் முன்னால் பாடிப் பழகலாம் என்று முடிவு செய்தேன். கூட்டம் பாதி தூங்கியது. அடுத்த மெஷின் பார்க்கும் சீனய்யா மட்டும் பாட்டு முடியும்வரை எழுந்து நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஊத்துக்கோட்டைப் பக்கத்து ஆள், நல்ல ரசிகர் என்று உள்ளம் குளிர்ந்துபோனேன். பாட்டு முடிந்ததும் அவரிடமே எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"பாட்டு நல்லாத்தான் கீது நைனா. எறங்கணும் எறங்கணும்னு கத்திக்கினே வந்தேன், டிரைவருக்குக் கேக்கவே இல்ல. ஸ்டாப்பு எப்பவோ போயிடுச்சு."

ஞாயிற்றுக்கிழமை

ஓவர்டைமை விட்டுவிட்டு ரயில் ஏறினேன். அங்கே ஹாலில் சின்னச் சின்னப் பையன்களும் பெண்களும் உடம்பை வளைத்துக்கொண்டிருந்தார்கள். நான் பாடத் தொடங்கியதும், போனைப் பார்த்துக்கொண்டிருந்த டைரக்டர் அதைக் கீழே வைத்தார். அந்தச் சந்தோஷம் ஆட்டம் தொடங்கும்வரை இருந்தது.

இரண்டு கையும் மேலே போயின. "வலது கை மட்டும்" என்றார் ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற அம்மா. மறுபடியும் இரண்டும் போயின. வரிசையில் யாரோ சிரித்தார்கள். பச்சைப் பட்டன் விஷயத்தைச் சொன்னேன், சிரிப்பு நின்றுவிட்டது. அது இன்னும் அவமானமாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்தும் கை கெடுத்துவிட்டதே! பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

டைரக்டர்தான் திரும்பக் கூப்பிட்டார். நாடகத்தில் ஒரு கைதி இருக்கிறானாம். கையில் விலங்கோடு மேடையின் முன்னால் வந்து தனியாகப் பாட வேண்டுமாம். மணிக்கட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டு பாடச் சொன்னார், பாடினேன். ஆட்டக்கார அம்மாவே கை தட்டினார். வேஷம் எனக்குத்தான் என்றார்கள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, அதைத் துடைக்கவும் இரண்டு கையும் சேர்ந்தேதான் வந்தன. வாசல்வரை போனவனிடம் டைரக்டர் சொன்னார்.

"ஒண்ணு மறந்துட்டேன் சார். கடைசி சீன்ல விலங்கக் கழட்டிடுவோம். விடுதலை ஆயிட்டீங்கன்னு எல்லாரோடயும் சேந்து ஆடணும், ரெண்டு கையும் தனித்தனியா. அதுக்குள்ள பழகிடுவீங்கல்ல?"

விலங்கு மாட்டியிருக்கும்வரை எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, கழற்றிவிட்ட பிறகு இந்தக் கையை என்ன செய்வது என்பதற்குத்தான் தினமும் ரிகர்சல் போய்க்கொண்டிருக்கிறது.